எஸ்டிமேட்டில் எதை அடிக்கலாம், எதைத் தள்ளிப்போடக் கூடாது: வடசென்னையில் ஓடும் கார்களுக்கு

முப்பதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸுக்கு வண்டியை விட்ட ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்துவிடும். ஆயில், ஆயில் ஃபில்டர் என்று ஆரம்பித்து இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங், எஞ்சின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமி நீக்கம், வீல் அலைன்மென்ட், ரஸ்ட் கோட்டிங், எஞ்சின் டிரெஸ்ஸிங் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். கூடவே ஒரு போன்: "எல்லாம் ரெகமண்டட் சார், ஓகே பண்ணிடட்டுமா?" பாதிப் பேர் பயந்துபோய்ச் சரி என்கிறார்கள். மீதிப் பேர் எரிச்சலில் "ஆயில் மட்டும் மாத்துங்க, போதும்" என்கிறார்கள். அந்த எரிச்சலில் இன்ஜெக்டர் கிளீனிங்கோடு பிரேக் ஆயிலும் அடிபட்டுப் போகிறது. இதுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே தெருக்கள். உப்புக்காற்று ராத்திரி முழுக்க வண்டி மேல் படிகிறது. மணலி, மாதவரம், மீஞ்சூர் பக்கம் லாரிகள் கிளப்பும் தூசு, அனல்மின் நிலையச் சாம்பல். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டினால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் முட்டியளவு தண்ணீர். கம்பெனி போட்டுக் கொடுத்த அட்டவணை சாதாரணச் சாலையை நினைத்துப் போட்டது. இங்கே சில வேலைகளை அந்த அட்டவணைக்கும் முன்னாலேயே செய்ய வேண்டும். அதற்கான பணம், தேவையில்லாததை அடித்தாலே கிடைத்துவிடும்.

முதலில் மேனுவலின் கடைசிப் பக்கங்கள்

க்ளவ் பாக்ஸில் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலின் பின்பகுதியில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். இடது பக்கம் பாகத்தின் பெயர், மேலே கிலோமீட்டரும் மாதமும், கட்டங்களில் ஒற்றை எழுத்து. 'ஆர்' என்றால் மாற்று. 'ஐ' என்றால் பார்த்துச் சொல், தேவையானால் மட்டும் மாற்று. எஸ்டிமேட்டையும் இந்த அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேனுவலில் 'ஐ' என்று இருப்பது எஸ்டிமேட்டில் 'ஆர்' ஆகியிருக்கும் இடங்கள் இரண்டு மூன்றாவது தட்டுப்படும். அங்கே "என்ன அளவு இருக்கு, போட்டோ அனுப்புங்க" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அட்டவணையில் பேரே இல்லாத வேலை என்றால் ஒரே கேள்விதான்: எந்தக் கோளாறைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள்?

அதே பக்கங்களில் கடுமையான சூழலுக்கென்று தனியாக ஒரு சின்ன அட்டவணை இருக்கும். தூசு நிறைந்த சாலை, அடிக்கடி குறுகிய தூரம், நெரிசலில் நின்று நின்று ஓட்டுவது, உப்பு படும் இடம் என்று அதில் போட்டிருப்பார்கள். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் படித்தால் தன் தெருவைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள் என்று நினைப்பார். நாம் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது அட்டவணையை.

வாரன்டி இருக்கும் வரை அட்டவணையில் உள்ள சர்வீஸ் எதையும் நாளோ கிலோமீட்டரோ தாண்ட விடாதீர்கள். ஃப்ரீ சர்வீஸ் என்பதில் கூலி மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. அட்டவணைக்கு வெளியே உள்ள டிரீட்மென்ட்டுகளை மறுத்ததற்காக வாரன்டி போய்விடாது. அப்படி யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

எஞ்சின் ஆயில்: ஓடிய தூரமும் ஓடிய நேரமும்

பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. இந்தக் கணக்கு நம் ரோட்டில் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. என்றால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு எஞ்சின் 250 மணி நேரம் ஓடியிருக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு தினம் போய் வரும் வண்டிக்குச் சராசரி 15 கி.மீ.தான் என்று வைத்துக்கொண்டால், அதே பத்தாயிரத்துக்கு 667 மணி நேரம். ஓடோமீட்டரில் ஒரே எண், ஆனால் ஆயில் இரண்டரை மடங்குக்கும் மேல் வேலை பார்த்திருக்கிறது. உங்கள் டிஸ்ப்ளேயில் சராசரி வேகம் காட்டும் வசதி இருந்தால் அதை மாசக்கணக்கில் ரீசெட் செய்யாமல் விட்டுப் பாருங்கள். 20-க்குக் கீழே நின்றால் ஆயிலை 7,000 கி.மீ. வாக்கில் மாற்றுவது நல்லது. வருடத்துக்கு 4,000 கி.மீ.தான் ஓடுகிறது என்றாலும் வருடம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். குறுகிய தூரத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறை பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் நின்று ஐந்து பத்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். முதல் முறை உருவித் துணியில் துடைத்துவிட்டு, திரும்பச் செருகி உருவிப் பார்ப்பதுதான் கணக்கு. கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த இடைவெளி சின்னக் கார்களில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். நிறம் கருத்திருப்பதை மட்டும் வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, டீசல் எஞ்சினில் மாற்றிய மறுநாளே கருத்துவிடும். பார்க்க வேண்டியவை வேறு. விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடுகிறதா? பெட்ரோல் வாடை அடிக்கிறதா? பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா? வெளுப்பு இருந்தால் தண்ணீரோ கூலன்டோ உள்ளே போகிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் ஆயில் மட்டம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்சர் வரிசையில் உள்ள டிபிஎஃப் என்ற வடிகட்டி புகைக்கரியைப் பிடித்து வைத்து, சூடேற்றி எரிக்கும். அதற்குத் தொடர்ந்து ஓட்டம் வேண்டும். எரித்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை நிறுத்தி நிறுத்திப் போட்டால் எரியாத டீசல் வழிந்து ஆயிலோடு சேரும். ஊருக்குள்ளேயே ஓடும் டீசல் வண்டியை வாரம் ஒருமுறையாவது மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஏற்றி, 60-க்கு மேல் ஒரே சீராக இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். காசு கொடுத்து டிபிஎஃப் கிளீனிங் செய்யும் நிலை வராமல் இருக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

எந்த ஆயில் என்பதை பிராண்ட் முடிவு செய்வதில்லை. மேனுவலில் போட்டிருக்கும் கிரேடுதான். 0டபிள்யூ-20 என்று போட்ட எஞ்சினுக்கு, வெயில் ஊர் என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றுவது பழைய வழக்கம். இன்றைய எஞ்சின்களில் இடைவெளிகள் நுணுக்கமானவை, அந்தக் கெட்டி ஆயில் வேண்டாம். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குப் பொதுவாக மூன்றிலிருந்து மூன்றரை லிட்டர் போகும். பில்லில் நாலரை லிட்டர் என்றிருந்தால் கேளுங்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரும், டிரெயின் போல்ட்டின் வாஷரும் மாற வேண்டும். வாஷர் மிகச் சின்னச் செலவு. அதை விட்டுவிட்டு போல்ட்டை இழுத்து முறுக்கினால் அலுமினிய ஆயில் சம்ப்பின் மரை போய்விடும்.

எஞ்சின் ஃப்ளஷ்: அடித்துவிடுங்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றிய எஞ்சினில் கழுவ ஒன்றும் இல்லை. வருடக்கணக்காக மாற்றாத எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்றினால் கட்டியாக இருக்கும் கசடு உடைந்து, ஆயிலை உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு நல்ல ஆயிலை 2,000, 3,000 கி.மீ.க்கு ஒருமுறை இரண்டு மூன்று தடவை மாற்றினாலே மெல்லச் சுத்தமாகும்.

தூசு போகும் மூன்று இடங்கள்

ஏர் ஃபில்டரைப் பெரும்பாலான அட்டவணைகள் 30,000–40,000 கி.மீ.க்கு மாற்றச் சொல்கின்றன. மணலி நெடுஞ்சாலையிலும் பொன்னேரி நெடுஞ்சாலையிலும் தினம் லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு அதில் பாதியிலேயே முடிந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றத் தேவையில்லை. நான்கு கிளிப்பைக் கழற்றினால் பெட்டி திறந்துவிடும். ஃபில்டரை எடுத்து, உள்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் கசிந்தால் இன்னும் ஓடும். மடிப்புக்குள் பார்வை போகாமல் சாம்பல் நிறமாக அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். கம்ப்ரஸர் காற்றை ஃபில்டருக்கு நேராக அடித்து "கிளீன் பண்ணிட்டேன் சார்" என்பது சகஜம். அந்த அழுத்தத்தில் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், பிறகு தூசு நேராக சிலிண்டருக்குப் போகும். தட்டிவிட்டால் போதும். பெட்டியின் அடியில் கிடக்கும் மணலை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டு மூடுங்கள். எல்லா கிளிப்பும் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை.

ஏசி ஃபில்டர் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அழுத்தினால் பல வண்டிகளில் அது தொங்கிவிடும். பின்னால் ஒரு நீளமான மூடி, அதற்குள் ஃபில்டர். ஓரத்தில் அம்புக்குறி இருக்கும்; பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே புதியதும். ஐந்து நிமிட வேலை, கூலி கொடுக்க வேண்டியதில்லை. சாம்பலும் தூசும் உள்ள பகுதிகளில் பத்தாயிரத்துக்கு ஒன்று கட்டாயம். இது அடைத்துக்கொண்டால் காற்று குறையும். கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்துக் கேஸ் அடித்து விடுவார்கள்.

மூன்றாவது இடம் யாரும் பார்க்காதது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சர். அதன் மெல்லிய தகடுகளுக்கு நடுவே தூசும் பூச்சியும் சேர்ந்து உப்பு ஈரத்தில் சிமென்ட் மாதிரி கெட்டிப்படும். நின்றால் ஏசி சூடாகி, ஓடினால் குளிர்கிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் அடைப்பும் முன் ஃபேனும்தான். தோட்டக் குழாயில் வரும் சாதாரண வேகத்தில் நேராக நீரை விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோனால் தகடுகள் மடிந்துவிடும்.

வருடா வருடம் கோடைக்கு முன் 'ஏசி கேஸ் டாப்-அப்' என்பதை ஏற்காதீர்கள். ஏசி மூடிய அமைப்பு, கேஸ் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கடலோர வண்டிகளில் கண்டென்சர் அரித்துத்தான் பெரும்பாலும் கசியும். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் விட்டோ கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டு, குறைந்தது இருபது முப்பது நிமிடம் வாக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), பானெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அதை எடை பார்த்து ஏற்ற வேண்டும். அளவுக்கு மேல் ஏற்றினாலும் குளிர் குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு.

பிரேக் ஆயில்: எஸ்டிமேட்டில் இதை மட்டும் அடிக்காதீர்கள்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். ரப்பர் ஹோஸ் வழியாகவே ஈரம் உள்ளே போகும். டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம் என்கிறது தரக்கணக்கு. டாட் 3-க்கு 205-ம் 140-ம். பாலத்திலிருந்து இறங்கும்போது, லாரிக்குப் பின்னால் திரும்பத் திரும்ப பிரேக் அழுத்தும்போது, சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் சூடாகும். உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் மெத்தை மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஈரத்தால் உள்ளே துருவும் ஏறும். மாஸ்டர் சிலிண்டரும் ஏபிஎஸ் யூனிட்டும் பிரேக் ஆயிலைவிடப் பல மடங்கு விலை. இரண்டு வருடம் அல்லது 40,000 கி.மீ., எது முதலோ. வருடம் முழுக்க ஈரக்காற்று வீசும் நம் பக்கம் இரண்டு வருடத்தைத் தாண்டவே கூடாது.

மாற்றுவது என்றால் பானெட்டுக்குள் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் உறிஞ்சி எடுத்துவிட்டு மேலே ஊற்றுவது இல்லை. நான்கு சக்கரத்திலும் பிளீடர் நிப்பிளைத் திறந்து பழையது வெளியேறி, புதியது தெளிவாக வரும் வரை தள்ள வேண்டும். மேனுவல் வேறு வரிசை சொல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் ஆரம்பிப்பார்கள். அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை செலவாகும். சீல் உடைக்காத பாட்டில் வேண்டும், போன மாதம் திறந்து ஓரமாக வைத்தது வேண்டாம். வண்டியில் உள்ள டப்பாவின் மூடியில் டாட் 4 என்று இருந்தால் டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கான் வகை, எதனோடும் கலக்கக் கூடாது.

ஒரு சின்னக் கவனிப்பு. டப்பாவில் மட்டம் இறங்கியிருந்தால் உடனே டாப்-அப் செய்துவிடுவார்கள். பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து மட்டம் தானாக இறங்கும். அது பேட் தேய்ந்திருப்பதன் அடையாளம். முதலில் பேடைப் பாருங்கள். புதியதில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றுங்கள். 6 மி.மீ. இருக்கும்போதே "மாத்திடலாம் சார்" என்றால் அடுத்த சர்வீஸ் வரை தாராளமாக விடலாம்.

கடலோர வண்டிகளில் பேடுக்கும் முன்னால் போவது காலிப்பர் பின். காலிப்பர் இரண்டு பின்களின் மேல் சறுக்கிக்கொண்டு நகர வேண்டும். பின்னை மூடியிருக்கும் ரப்பரில் வெடிப்பு விழுந்தால் உப்பு ஈரம் நுழைந்து துருவேறி இறுகிவிடும். கழற்றிய பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெரியும்: உள்பக்கப் பேடு இரும்பு வரை தேய்ந்திருக்கும், வெளிப்பக்கப் பேடு பாதிகூடத் தேய்ந்திருக்காது. புதுப் பேடு போட்டுக் காசு வாங்கிவிட்டுப் பின்னைத் தொடாமல் விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி அதே இடம். பின்னை உருவி, துருவைத் தேய்த்து, சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாக் கிரீஸ் அந்த ரப்பரை ஊத வைக்கும். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருக்கிறது, கருகல் வாடை வருகிறது, மைலேஜ் காரணமில்லாமல் குறைகிறது என்றால் இதுதான். வருடம் ஒருமுறை இந்த வேலையைச் செய்தால் போதும். பெரும்பாலான எஸ்டிமேட்டுகளில் இது இருக்காது, நாமே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கூலன்டும் நம் ஊர்த் தண்ணீரும்

மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்ட விஷயம். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது அலுமினியத்தை அரிக்கக் கொடுப்பதற்குச் சமம். மெட்ரோ தண்ணீரும் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே விற்கும் ரெடிமிக்ஸ். ரெடிமிக்ஸில் மேலும் தண்ணீர் கலக்கக் கூடாது. பச்சையோ சிவப்போ நிறம் எதையும் நிரூபிக்காது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலில் உள்ள வகையைப் பாருங்கள். மாற்றும் காலமும் வண்டிக்கு வண்டி ரொம்பவே வேறுபடும் என்பதால் அட்டவணைதான் கணக்கு. மட்டத்தை எஞ்சின் ஆறிய பிறகு டப்பாவில் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மாதா மாதம் குறைகிறது என்றால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் கசிவைத் தேடுங்கள்.

டயர், அலைன்மென்ட், பேட்டரி

5,000 கி.மீ.க்கு ஒருமுறை அலைன்மென்ட் என்பது கடைக்காரர் வழக்கம். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால், நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக இருந்தால், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், புது டயரோ சஸ்பென்ஷன் பாகமோ போட்டால், பெரிய பள்ளத்தில் இடித்தால் செய்யுங்கள். கன்டெய்னர் லாரிகள் தோண்டிப் போட்ட சாலைகளில் அப்படி இடிப்பது அடிக்கடி நடக்கும் என்பதால் வருடம் ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. செய்ததும், செய்வதற்கு முன்பும் பின்பும் இருந்த அளவுகள் கொண்ட பிரிண்ட் அவுட் கேட்டு வாங்குங்கள். சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் ஆக்சிலைத் திருத்தவே வழி கிடையாது. முன்சக்கரத்தில் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும். "நாலு வீல் அலைன்மென்ட்" என்று கூடுதலாக வாங்கினால் எதைத் திருத்தினீர்கள் என்று அந்தப் பிரிண்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

டயரை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்-பின் மாற்றிப் போடுங்கள். டயரில் உள்ள வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்தால் சட்டப்படியே முடிந்தது. மழைக்காலத்துக்கு முன் 3 மி.மீ. ஆவது இருந்தால் நல்லது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. புதிது என்று விற்கும்போது இதைப் பாருங்கள். நைட்ரஜனுக்குத் தனிக்காசு தேவையில்லை, காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று இருந்தால் போதும்.

பேட்டரியை வெயில்தான் கொல்லும். மூன்று நான்கு வருடம் வந்தால் சரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. டெர்மினலில் பூக்கும் பச்சை வெள்ளைப் பொடி உப்புக்காற்றில் வேகமாக வளரும். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வாசலின் தடவுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். சிக்னலில் தானாக எஞ்சின் நிற்கும் வசதி உள்ள வண்டிக்குச் சாதா பேட்டரி போடாதீர்கள். அதற்கென்று வந்த வகையைத்தான் போட வேண்டும்.

பட்டியலில் மிச்சம்

இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங் இரண்டும் கோளாறு இருந்தால் செய்யும் வைத்தியம். பிக்கப் குறைந்து, ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) நடுங்கி, செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேனரிலும் அந்தப் பக்கம் காட்டினால் யோசிக்கலாம். நன்றாக ஓடும் வண்டிக்கு வேண்டாம். த்ராட்டில் பாடி ஐடில் ஏறி இறங்கும்போது சுத்தம் செய்தால் போதும். செய்த பிறகு ஐடில் லேர்னிங் (ஐடில் அளவை எஞ்சின் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது) செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வண்டி இன்னும் மோசமாக நடந்துகொள்ளும். சாதா ஸ்பார்க் பிளக் ஏறக்குறைய 40,000 கி.மீ.; இரிடியம் லட்சம் வரை போகும். உங்கள் வண்டியில் எது என்று தெரியாமல் மாற்றச் சம்மதிக்காதீர்கள். சிஎன்ஜி வண்டிக்குப் பிளக்கும் ஏர் ஃபில்டரும் இன்னும் முக்கியம். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் சட்டப்படி கட்டாயம். எஞ்சின் டிரெஸ்ஸிங் வெறும் பளபளப்பு, தூசு அதில் இன்னும் அதிகமாக ஒட்டும். ஏசி கிருமி நீக்க ஸ்ப்ரேக்குப் பதில் ஃபில்டரை மாற்றுங்கள். பழைய சான்ட்ரோ போல டைமிங் பெல்ட் உள்ள வண்டி செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தால், கடைசியாக மாற்றியதற்குப் பில் இல்லாவிட்டால் உடனே மாற்றுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பிரிக்க வேண்டியிருக்கும். கியர் ஆயிலை எல்லாரும் மறக்கிறார்கள், அட்டவணையில் எங்கே 'ஆர்' வருகிறது என்று தேடிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று போட்டிருந்தாலும் நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு 60,000 கி.மீ. வாக்கில் மாற்றுவது என் கருத்து. ஸ்பெசிஃபிகேஷன் எண் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும்.

ரஸ்ட் கோட்டிங்: இங்கே மட்டும் பதில் வேறு

ஊருக்குள் தள்ளி இருப்பவர்களுக்கு இதை வேண்டாம் என்றே சொல்வேன். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரத்தில் வீட்டு வாசலில் வெட்டவெளியில் நிறுத்துகிறவர்களுக்கு, வண்டி புதிதாக இருக்கும்போதே அடித்தட்டுக் கோட்டிங் போடுவது பிரயோஜனமான செலவு. ஆனால் எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். காலையில் விட்டு மதியம் எடுத்து வரும் வண்டியில் அது நடந்திருக்க வாய்ப்பில்லை. ஏற்கெனவே துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான் கோட்டிங். துருவின் மேலேயே கறுப்பாகப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, வெளியே தெரியாமல் தகடு ஓட்டையாகும்.

கதவின் அடி ஓரத்திலும், கதவுக்குக் கீழே ஓடும் பாக்ஸ் மாதிரியான பகுதியிலும் சின்னச் சின்ன துளைகள் இருக்கும். மழைநீர் வடிய விட்டவை. கோட்டிங் இவற்றை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வண்டியை எடுக்கும்போது குனிந்து ஒவ்வொரு துளையிலும் ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள். சைலன்சர், டிஸ்க், ஹேண்ட்பிரேக் கேபிள், சென்சர் மேல் பட்டிருக்கக் கூடாது.

கோட்டிங் போட்டாலும் போடாவிட்டாலும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சக்கர வளைவின் உள்பக்கத்தையும் அடிப்பகுதியையும் வெறும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலே பாலிஷ் போட்டு மினுக்குவதைவிட இது முக்கியம். வாட்டர் சர்வீஸ் கடையில் போர் தண்ணீர் என்றால் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேறு கடை.

தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு

நின்ற தண்ணீரில் எஞ்சின் அணைந்துபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்றுக்குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நனைந்திருந்தால் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இன்ஷூரன்ஸில் எஞ்சினுக்கான தனிப் பாதுகாப்பு இல்லாவிட்டால் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம்.

அணையாமல் கடந்துவிட்டாலும் சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால், ஒரு வாரத்துக்குள் கியர் ஆயில் வெளுத்திருக்கிறதா, பின் பிரேக் டிரம்முக்குள் சேறு இருக்கிறதா, வீல் பேரிங் உறுமுகிறதா, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டியை வாங்குகிறீர்கள் என்றால் சஸ்பென்ஷன் புஷ்கள் ஊதிப் பிசுபிசுப்பாக இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் அப்படித்தான் ஆகும்.

சர்வீஸுக்கு விடும்போது

ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் "என்னைக் கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம், கழற்றிய பாகங்கள் வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது பழைய ஃபில்டர்கள், பேடு, பிளக் எல்லாம் டிக்கியில் இருக்க வேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடம் விடுகிறீர்கள் என்றால் ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். "அண்ணே, காலிப்பர் பின்னையும் ஒரு தடவை கழட்டிப் பாத்துருங்க" என்று கையோடு சொல்லிவிடுங்கள். புது ஆயில் ஃபில்டர் மேல் பெயின்ட் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். பிரேக் ஆயில் மாற்றிய மாதத்தை அந்த டப்பா மேலேயே எழுதுங்கள். மூடி மேல் வேண்டாம், மூடி மாறிப்போகும்.